பூரிக்கட்டையின் இன்னொரு கை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே, நான்காவது மாடிக்காரர் ஒருவர் தன் காரைச் சரிவில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஏற்றிக்கொண்டிருந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. எஞ்சின் அலறியது, கார் நின்ற இடத்திலேயே நின்றது. கேளம்பாக்கம் பக்கம் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற சின்ன வயசு ஆள். சமீபத்தில்தான் யாரிடமோ பழைய கார் வாங்கியிருந்தார்.

கிளட்ச் கருகும் நாற்றம் உங்களுக்குத் தெரியுமா? தீய்ந்த முடியையும் பழைய செருப்பையும் சேர்த்துக் கொளுத்தினால் வருமே, அது. படிக்கட்டு வழியாக ஏறி ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்தது. எல்லோரும் ஜன்னலைச் சாத்தினார்கள். நான் திறந்தேன். மூக்கை வெளியே நீட்டி நன்றாக இழுத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது, ஒன்று மட்டும் குறைந்தது.

அது என்னவென்று சொல்வதற்கு முன் நான் வேன் ஓட்டிய கதையைச் சொல்ல வேண்டும்.

எனக்குக் கோபம் வரும். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கல்யாணமான புதிதில் துணி ஏற்றுமதி கம்பெனி ஒன்றில், சட்டைக்குப் பொத்தான் ஓட்டை தைக்கும் காஜா பிரிவில் இருந்தேன். பாத்ரூம் போனால் வாசலில் நின்று கடிகாரம் பார்க்கும் ஒரு சூப்பர்வைசர் இருந்தான். ஒருநாள் கதவைத் திறந்து, "உள்ள வந்து பாத்துக்கோ, நேரம் கரெக்டா தெரியும்" என்றேன். அத்தோடு அந்த வேலை போனது. அப்புறம் என் அண்ணனிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, கழுத்தில் கிடந்த சங்கிலியைக் கழற்றிக் கொடுத்து, மூன்று பேர் ஓட்டித் தேய்த்த ஒரு வெள்ளை வேனை வாங்கினேன். பீர்க்கன்கரணையில் பிள்ளைகளை ஏற்றி மேற்குத் தாம்பரத்தில் பள்ளிக்கூடத்தில் இறக்குவது வேலை. யாரும் வாசலில் நின்று கடிகாரம் பார்க்காத வேலை. எனக்கு அது போதும்.

காலை நேரத்தில் அந்த வேனுக்குள் ஒரு வாசனை இருக்கும். தேங்காய் எண்ணெய், பற்பசை, டப்பாவுக்குள் வியர்த்த எலுமிச்சை சாதம், அப்புறம் யாராவது ஒரு பிள்ளை வாந்தி எடுக்கப் போகிறது என்பதற்கு முன்னால் வரும் ஒரு புளிப்பு. அந்தப் புளிப்பைக் கண்டுபிடித்து ஓரமாக நிறுத்துவதில் நான் கெட்டிக்காரி. வண்டி ஓட்டுவதில் சுமார்தான். பாதிக் கிளட்சை மிதித்துக்கொண்டே ஓட்டுவேன் என்று அண்ணன் திட்டுவான்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏரிக்கரை ஏற்றத்தில் வேன் கை விரித்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம் வருகிறது, வண்டி வரவில்லை. பிள்ளைகளை நடத்திக் கூட்டிப் போய் வீடு சேர்த்தேன். எங்கள் மெக்கானிக் ஆடித் திருவிழாவுக்கு ஊருக்குப் போய் ஃபோனை அணைத்து வைத்துவிட்டான். மற்ற பட்டறைகளில், "வுட்டுட்டு போங்க, அடுத்த வாரம் பாக்கலாம்" என்றார்கள்.

அடுத்த வாரம் என்றால் திங்கட்கிழமை பிள்ளைகளுக்கு வேன் இல்லை. அப்போது எங்கள் ஏரியாவில் மூர்த்தி என்று ஒருவன் புது வேன் இறக்கியிருந்தான். திரைச்சீலை போட்ட வேன். உள்ளே டிவி. ஒருநாள் அதில் ஏறிய பிள்ளை மறுநாள் என் வேனில் ஏறாது. நானே பிள்ளையாக இருந்தால் ஏற மாட்டேன். ஆக, திங்கட்கிழமை காலை வண்டி நகராவிட்டால் என் தொழில் முடிந்தது. மறுபடி யாராவது சூப்பர்வைசர் என் பாத்ரூம் வாசலில் நிற்பான்.

"இதுல இன்னா கீது? நாமளே மாத்திக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் பெயர் பாலு. தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து மருந்துக்கடையில் பில் போடுகிறவர். மருந்துக்கடையில் உட்கார்ந்தே டாக்டர் ஆகிவிடுகிற ஆட்கள் உண்டு. இவர் ஃபோனில் வீடியோ பார்த்தே மெக்கானிக் ஆகியிருந்தார். அந்த வீடியோவில் பேசிய மொழி எங்கள் யாருக்கும் தெரியாது. ஒரு வெள்ளைக்காரன், பளிங்கு மாதிரி ஒரு கொட்டகை, கையில் அழுக்கில்லாத உறை. பாட்டு ஓடுகிறது, கியர்பாக்ஸ் இறங்குகிறது, கிளட்ச் பிளேட் மாறுகிறது, கியர்பாக்ஸ் ஏறுகிறது. அந்த ஆள் ஒரு முறைகூடக் கெட்ட வார்த்தை பேசவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

துணைக்கு அவருடைய நண்பர் அன்வர் வந்தார். மேற்குத் தாம்பரத்தில் வண்டி உதிரிபாகக் கடையில் கவுன்ட்டரில் நிற்பவர். எந்த வண்டியின் எந்தச் சாமான் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஆனால் அதையெல்லாம் அட்டைப் பெட்டிக்குள்தான் பார்த்திருக்கிறார். வண்டிக்குள் பார்த்ததில்லை. சனிக்கிழமை மதியம் முதன்முதலாக வேனுக்கு அடியில் படுத்தவர், "மச்சான், இதெல்லாம் இவ்ளோ அழுக்காவா இருக்கும்?" என்று கேட்டார்.

ஏரிக்கரையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்து வேனை நிறுத்தியது, எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்டிருந்த சரோஜா அக்காவின் வாசலில். அவர்கள் பழைய ஊர்க்காரர்கள். ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் போட்ட குடும்பம். நிலத்தை விற்று, மிச்ச இடத்தில் வரிசையாக வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். வாசல் மட்டும் களம் மாதிரி அகலமாகக் கிடந்தது. அதில் நெல்லுக்குப் பதில் என் வேன்.

கழற்றுவது சுலபமாகத்தான் இருந்தது. சனிக்கிழமை இருட்டுவதற்குள் கியர்பாக்ஸ் ஒரு கோணிமேல் கிடந்தது. பார்த்தால் பெரிய கருணைக்கிழங்கு மாதிரி இருந்தது. இரண்டு பேரும் அதன் இரண்டு பக்கமும் நின்று, வேட்டையாடியவர்கள் மாதிரி ஃபோட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

ஞாயிறு காலை புது கிளட்ச் பிளேட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தார்கள். வட்டமான தட்டு, நடுவே பல் வைத்த ஓட்டை. அன்வர் அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே, ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். "இதுமேல எண்ணெயே படக்கூடாது சிஸ்டர். கை பட்டாலே போச்சு." அந்த நேரம் சரோஜா அக்கா கிண்ணத்தோடு வந்தார்.

"புது சாமான் மாட்றீங்க, பொட்டு வெக்காமயா மாட்டுவீங்க?"

"அக்கா, அதுல எண்ணெ படக்கூடாதுக்கா."

"இது எண்ணெயாடா? சந்தனம்டா. குளிர்ச்சி."

வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர் என் வீட்டுக்காரர். வேன் நிற்கும் வாசல் அக்காவுடையது. மனுஷன் வானத்தைப் பார்த்தார். அக்கா தட்டின் இரண்டு பக்கமும் விபூதிப் பட்டை அடித்து, நடுவில் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தார். பிளேட்டுக்கு மூக்கு ஒன்றுதான் பாக்கி. அவர் கற்பூரம் எடுக்க உள்ளே போனதும் அன்வர் துணியால் அவசரமாகத் துடைத்தார். திரும்பி வந்த அக்கா பார்த்துவிட்டார்.

"அழிச்சியா? வெச்ச பொட்ட அழிச்சியா?" மறுபடி வைத்தார். இந்த முறை இரண்டு மடங்கு. "உங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிடுடா."

"பிஸ்மில்லா சொல்லித்தான்கா மொதோ போல்ட்டயே கழட்டுனேன்."

"அப்பறம் இன்னா, மாட்டு."

மாட்டுவதில் ஒரு வில்லங்கம் இருந்தது. பிளேட்டைச் சரியாக நடுவில் நிறுத்தி, அதன்மேல் மூடியை முடுக்க வேண்டும். நடு தப்பினால் கியர்பாக்ஸின் தண்டு பிளேட்டின் ஓட்டைக்குள் நுழையாது. நடு பார்க்க ஒரு குச்சி மாதிரி கருவி உண்டு. அந்தக் கருவி எந்த அலமாரியில் இருக்கிறது என்று அன்வருக்குத் தெரியும். கடை ஞாயிற்றுக்கிழமை லீவு.

என் வீட்டுக்காரர் வீட்டுக்குள் போய் ஒவ்வொன்றாக எடுத்து வந்தார். துடைப்பக் கட்டை பெரிதாக இருந்தது. மத்து ஆடியது. மெழுகுவத்தி வளைந்தது. கடைசியில் என் பூரிக்கட்டையை எடுத்துப் போனார். அதன் கைப்பிடி செய்து வைத்த மாதிரி உள்ளே இறுகி உட்கார்ந்தது. வாய்க்குள் டார்ச்சைக் கவ்விக்கொண்டே மூடியை முடுக்கினார்கள். அப்புறம் கட்டையைத் திருகி, ஆட்டி, இழுத்து, ஒருவழியாகப் பிடுங்கி வெளியே எறிந்தார்கள். அக்கா அதைக் கழுவி என் சமையலறை ஜன்னலில் வைத்தார்.

இனி கியர்பாக்ஸை ஏற்றுவதுதான். வீடியோவில் அந்த வெள்ளைக்காரன் சக்கரம் வைத்த ஜாக்கியில் வைத்து ஏற்றினான். எங்களிடம் இருந்தது என் வீட்டுக்காரரின் கல்யாண வேட்டி. வேனின் முன் சீட்டைக் கழற்றிவிட்டு, கியர் கம்பி வரும் ஓட்டை வழியாக வேட்டியை முறுக்கிக் கீழே விட்டு, கியர்பாக்ஸைத் தொட்டில் மாதிரி கட்டினார்கள். வேனுக்குள் நின்று மேலே இழுக்க நானும் சரோஜா அக்காவும். கீழே மல்லாந்து படுத்துத் தாங்க அவர்கள் இருவரும்.

"இழு! இன்னும் கொஞ்சம்! அக்கா, லெப்ட்ல!"

"லெப்ட் எதுடா? உனக்கு லெப்ட்டா எனக்கு லெப்ட்டா?"

"என் மூக்குக்கு நேரா இருக்குக்கா, சீக்கிரம்!"

தேர் இழுத்த மாதிரி இழுத்தோம். கியர்பாக்ஸ் எழுந்தது, முன்னால் போனது, நான்கு விரல் இடைவெளியில் நின்றது. அவ்வளவுதான். தள்ளினார்கள். ஆட்டினார்கள். இறக்கி, ஒரு டம்ளர் மோர் குடித்து, மறுபடி ஏற்றினார்கள். அதே நான்கு விரல். கியரில் போட்டுப் பின்பக்கத் தண்டைச் சுற்றிப் பார் என்று அன்வர் சொன்னார், சுற்றினார்கள். எதிர்வீட்டுக்காரர் வந்து எண்ணெய் போடச் சொன்னார். தண்ணீர் லாரி ஓட்டுகிறவர் வந்து உதைக்கச் சொன்னார். உதைத்தார்கள். காய்கறிக்காரர் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு, கியர்பாக்ஸே வேறு வண்டியுடையதாக இருக்கும் என்றார். நேற்றுவரை அதில்தான் இருந்தது என்று சொன்னால், "அப்படியா" என்று யோசித்தார். போல்ட்டை மாட்டி முடுக்கினால் தானாக உள்ளே வரும் என்றார் என் வீட்டுக்காரர். அன்வர் ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டார். "கியர்பாக்ஸ் ஹவுசிங் ஒடஞ்சா ஸ்டாக் இல்ல மச்சான்!"

மூர்த்தியும் வந்தான். ஞாயிற்றுக்கிழமையும் கூலிங் கிளாஸ் போடுகிறவன். குனிந்து வேனுக்கு அடியில் நீண்ட நான்கு கால்களையும் பார்த்தான்.

"கவலயே படாதீங்கக்கா. நாளிக்கி உங்க பசங்கள நான் ஏத்திக்கினு போறேன். ஒரு நாளிக்கிதான?"

"நான் செத்தா ஏத்திக்கோ" என்றேன்.

"இன்னாக்கா இப்டி பேசுற, ஒதவிதான..."

"போடா!"

அவன் போனான். போகிற வழியில் ஃபோனை எடுத்து யாரோடோ பேசிக்கொண்டே போனான். யாரோ ஒரு பிள்ளையின் அம்மாவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. கோபம் எனக்கு எப்போதும் வரும், ஆனால் பயம் வரும்போதுதான் அது நிஜமான கோபம். மூன்று பேரையும் திட்டினேன். வேட்டியைத் திட்டினேன். அந்த வெள்ளைக்காரனை அவன் மொழி தெரியாததால் தமிழிலேயே திட்டினேன். திட்டி முடித்து, மனுஷர்கள் சாப்பிட வேண்டுமே என்று உள்ளே போய் மாவைப் பிசைந்தேன்.

பிசைந்த மாவு மாதிரி கோபத்துக்கு மருந்து கிடையாது. குத்தலாம், அறையலாம், ஒன்றும் சொல்லாது. உருண்டை பிடித்து, ஜன்னலில் இருந்த பூரிக்கட்டையை எடுத்துத் தேய்த்தேன். வலது கை ஓடியது. இடது கை காற்றைப் பிடித்தது. மாவு ஒரு பக்கமாகக் கோணிப்போனது. கட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் கைப்பிடி இருந்தது. இன்னொரு பக்கம் பிய்ந்த மரம், புதுசாக, வெள்ளையாக.

கட்டையோடு வாசலுக்குப் போனேன். நான் பூரிக்கட்டையோடு வருவதைப் பார்த்ததும் காய்கறிக்காரர் தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் வேறு மாதிரி நினைத்துவிட்டார்.

"ஏங்க, கொஞ்சம் வெளிய வாங்க."

என் வீட்டுக்காரர் தலையை மட்டும் நீட்டினார். முகமெல்லாம் கிரீஸ்.

"இதோட இன்னொரு கை எங்க?"

அவர் கட்டையைப் பார்த்தார். கீழிருந்து அன்வர் அவரைப் பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்து கியர்பாக்ஸைப் பார்த்தார்கள். சரோஜா அக்கா மட்டும், "நான் கழுவறப்பவே பாத்தேன், ஒத்தக் கை கட்டதான் போலனு நெனச்சேன்" என்றார்.

பிடுங்கும்போது கைப்பிடி ஒடிந்து கிளட்ச் ஓட்டைக்குள்ளேயே தங்கிவிட்டது. காலையிலிருந்து ஒரு தெருவே சேர்ந்து கியர்பாக்ஸை மரக்கட்டைமேல் மோதிக்கொண்டிருந்தது. ஒடிந்தது தனக்குத் தெரியாது, வேனுக்கு அடியில் இருட்டில் பார்க்கவில்லை என்று என் வீட்டுக்காரர் சத்தியம் செய்தார். இன்றுவரை நான் நம்பவில்லை. கேட்டால் இன்றும் வானத்தைத்தான் பார்க்கிறார்.

மறுபடி கியர்பாக்ஸை இறக்கினார்கள். இந்த முறை அடியில் படுத்தது நான். அந்த மரத்துண்டில் ஒரு நீள ஸ்க்ரூவைத் திருகி இறக்கி, ஸ்க்ரூவின் தலையைக் கட்டிங் பிளேயரால் பிடித்து இழுத்தேன். பல் பிடுங்குவது மாதிரிதான். என் கை, என் பூரிக்கட்டை, அதனால் வந்தது. பிறகு வேட்டியைக் கட்டி இழுத்தோம். கியர்பாக்ஸ் முன்னால் போனது, கொஞ்சம் முரண்டு பிடித்தது, பின்பக்கத்தைச் சுற்றியதும் "டொக்" என்று உள்ளே உட்கார்ந்தது. பால் குடிக்கிற குழந்தை மாதிரி ஒட்டிக்கொண்டது.

"பாத்தியா, சந்தனம் வெச்ச ராசி" என்றார் சரோஜா அக்கா.

மிச்ச போல்ட்டுகளை முடுக்கி, சீட்டை மாட்டினோம். ஒடிந்த கைப்பிடியை அக்கா கழுவி, அதற்கும் பொட்டு வைத்து, வேனின் முன்கண்ணாடிக்குக் கீழே பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்தார்.

திங்கட்கிழமை காலை வேன் கிளம்பியது. எல்லாப் பிள்ளைகளும் ஏறினார்கள். பின்னால் கண்ணாடியில் பார்த்தால் மூர்த்தியின் காலி வேன் பிணம் தூக்க வருகிற மாதிரி மெதுவாக வந்துகொண்டிருந்தது. அவனுக்கு ஏரிக்கரை ஏற்றம் தெரியும். எனக்கும் தெரியும்.

ஏற்றத்தில் பாதியில் எஞ்சின் அலற ஆரம்பித்தது. வேன் நடக்கிற வேகத்துக்கு இறங்கியது. பிறகு நோயாளி நடக்கிற வேகம். கிளட்ச் வழுக்கியது. கருகிய நாற்றம் வந்தது, அதோடு இன்னொன்று வந்தது. கமகமவென்று, பங்குனித் திருவிழாவில் உற்சவர் பக்கத்தில் நின்ற மாதிரி. வேனுக்குள் மெல்லிய புகை.

"ஆன்ட்டி, கோயில் வாசன வருது" என்றது ஒரு பெண் பிள்ளை.

இன்னொன்று கண்ணை மூடிக் கைகூப்பிவிட்டது. அதைப் பார்த்து எல்லாம் கூப்பின. பின்னால் மூர்த்தி ஹாரன் அடித்தான். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சாமியைக் கும்பிடவில்லை. சரோஜா அக்காவைத் திட்டினேன், வாய்க்குள்ளேயே, பிள்ளைகள் இருந்ததால். விபூதிக்கு ஒன்று, சந்தனத்துக்கு ஒன்று, இரண்டாவது தடவை வைத்த சந்தனத்துக்கு இரண்டு.

அத்தனையும் எரிந்து தீர்ந்தது போல. திடீரென்று கிளட்ச் பிடித்தது. வேன் ஒரு துள்ளு துள்ளி, எலுமிச்சை சாத டப்பாக்கள் எல்லாம் உருள, ஏற்றத்தின் உச்சிக்குப் போய் நின்றது. பிள்ளைகள் கத்தின கத்தலில் ஏரிக் கொக்குகள் பறந்தன. அன்றிலிருந்து என் வேனுக்குச் சாமி வேன் என்று பெயர். டிவி வைத்த வேனில் சாமி வராது என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். ஒரு பிள்ளைகூட மூர்த்தியிடம் போகவில்லை.

அந்த வேன் அப்புறம் பல வருஷம் ஓடியது. பிறகு ஓடவில்லை, பழைய இரும்புக்குக் காயலான் கடைக்குப் போனது. அன்வர் ஷார்ஜாவில் பெரிய உதிரிபாகக் கிடங்கில் இருக்கிறார். "சிஸ்டர், அந்த நடு பாக்கற டூல் இங்க பொட்டி பொட்டியா கெடக்குது, அனுப்பவா?" என்று ஃபோனில் கேட்பார். சரோஜா அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய பிள்ளைகள் வாசலையும் சேர்த்துக் கட்டடக்காரர்களிடம் கொடுத்தார்கள். அந்தக் கட்டடத்தில்தான் இப்போது நாங்கள் குடியிருக்கிறோம். என் வேன் படுத்துக் கிடந்த இடத்தில்தான் அந்த நான்காவது மாடிக்காரரின் கார் அலறிக்கொண்டிருந்தது.

அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கீழே இறங்கிப் போய், "ஹேண்ட் பிரேக்க எட்றா மொதல்ல!" என்று கத்தினேன். எடுத்தார். கார் ஏறியது. நன்றி சொல்லக்கூட நேரமில்லாமல் போய்விட்டார். நான் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன், அன்று எங்கள் தெருவில் வந்த மாதிரி தப்பான யோசனையோடு யாராவது ஒரு ஆள் வருவார் என்று. லிஃப்ட் ஒரு முறை கீழே வந்து கதவைத் திறந்தது. உள்ளே யாரும் இல்லை. மூடிக்கொண்டு போய்விட்டது.

மேலே வந்தால் ஃபோனில் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி. கிளட்ச் நாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கார் நிறுத்தும் இடத்தில் ஒரு பெண்மணி உரக்கக் கத்துவதாகவும், குடியிருப்போருக்கு இடைஞ்சல் என்றும் எழுதியிருந்தது. கீழே பதினேழு பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். வேன் படுத்த அன்று அதே இடத்தில் நான் கத்தியது ஏரிக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். கேட்டவர்கள் எல்லோரும் வந்து ஆளுக்கொரு தப்பான யோசனையாவது சொன்னார்கள்.

என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"இன்னா?" என்றேன்.

"கிளட்ச்தான். ஆனா பொட்டு வெக்கல போல" என்றார்.